ஜிம்மிக்கு மரியாதை பழக்கியது

எங்கள் வீட்டு நாய் தன் வாழ்நாளில் யாரையும் கடித்ததில்லை. ஒருவனையாவது கடித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குக் கடிக்கத் தெரியாது, மனிதரைக் கண்டால் சந்தோசப்பட மட்டும்தான் தெரியும். அந்தச் சந்தோசமும் கொஞ்சநஞ்சமல்ல. வாசல் படலையில் ஒரு தலை தெரிந்தால் போதும், உடம்பின் பின்பாதி முழுவதையும் ஆட்டிக்கொண்டு ஓடும். முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி வந்தவரின் நெஞ்சில் வைக்கும். முகத்தை நக்கப் பார்க்கும், எட்டாவிட்டால் இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தைப் பிடித்து இழுக்கும். சந்தோசம் மிஞ்சிப்போனால் வந்தவரின் காலிலேயே மூத்திரம் பெய்துவிடும். அதன் பெயர் ஜிம்மி.

அது அப்படி வளர்ந்ததற்கு ஊர்தான் காரணம். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவுக் கரையில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது அங்கே கோழியும் இல்லை, நாயும் இல்லை. வீடுகளே இல்லை, பிறகு கோழிக்கும் நாய்க்கும் எங்கே போவது. அம்மாவின் தம்பியான மாமா தண்ணீரூற்றில் யாரிடமோ கேட்டு வாங்கி, கடைப் பையில் போட்டுச் சைக்கிளில் கொண்டுவந்த குட்டி அது. ஊருக்குள் திரும்பி வந்த முதல் நாய் என்று சொல்லலாம். பெரிய மீன்காரர்கள், ஒருநாளும் ஒரு பிராணியையும் ஏறெடுத்துப் பார்க்காத ஆட்கள், வேலை மினக்கெட்டு வந்து எங்கள் தறப்பாள் கூரைக் கொட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து அந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். சிலர் அதை மடியில் வைத்துக்கொண்டு அழவும் செய்தார்கள். ஆகவே உலகத்தில் எல்லா மனிதரும் தன்னைப் பார்க்கத்தான் படலையைத் திறக்கிறார்கள் என்று ஜிம்மி நம்பியதில் பிழையில்லை.

கொட்டில் இருந்த இடத்தில் பிறகு ஒரு சின்ன வீடு எழும்பியது. அதில் நாங்கள் மூன்று பேர். அம்மா, அக்கா, நான். அப்பா சண்டையின் கடைசிக் கிழமைகளில் செத்துப்போனார். அம்மா கரையில் ஒரு கருவாட்டு வாடியில் மீன் வெட்டிக் காயப்போடும் வேலைக்குப் போனார். நான் ஆண்டு ஐந்து படித்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளான அக்கா வீட்டில் இருந்து தைத்தாள். அவள் தடுப்பிலிருந்து வந்தவள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சண்டை முடிந்ததும் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்களை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். விட்டார்கள் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். விட்ட பிறகும் அவர்கள் என்ன செய்கிறார்கள், யாரோடு கதைக்கிறார்கள் என்று விசாரிக்க ஆட்கள் வருவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அரசாங்கத்தின் எந்தக் கந்தோரில் வேலை என்று அவர்கள் சொன்னதில்லை, கேட்கவும் எங்கள் வீட்டில் வாய் இருக்கவில்லை. சிவில் உடுப்பில், ஒரே மோட்டார் சைக்கிளில் வருவார்கள். ஓட்டி வருபவர் வயதானவர், எந்நேரமும் கொட்டாவி விடுவார். பின்னால் இருப்பவன் இளவயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் மினுங்கும் சப்பாத்தும் போட்டிருப்பான். அவன் பூசிய சென்ட் அவனுக்கு முன்னமே எங்கள் வீட்டு வளவுக்குள் வந்துவிடும். அம்மா இரண்டு பேரையும் சேர், சேர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

சேர்மார் வளவுக்குள் வருவதில்லை. காரணம் ஜிம்மி. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அது படலையில் போய் நின்று எகிறும். மழைக்காலமென்றால் நாலு காலிலும் சேறு. இளையவன் தன் சேட்டைப் பார்ப்பான், நாயின் காலைப் பார்ப்பான், சைக்கிளில் இருந்து இறங்காமலே அக்காவைக் கூப்பிடச் சொல்வான். அக்கா போய்ப் படலைக்கு இந்தப் பக்கம் நிற்பாள். எங்கே போனாய், யார் வந்தது, போன் நம்பர் மாற்றினாயா என்று எப்போதும் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்பார்கள். இடையில் ஜிம்மி எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருக்கும். றோட்டுக்கு மற்றப் பக்கம் ஊர்க்கிணறு. அங்கே எந்நேரமும் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாய் குரைத்துக்கொண்டிருக்க, ஒருவனால் எவ்வளவு நேரம்தான் விசாரிக்க முடியும். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

இது அம்மாவுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரைப் படலையில் நிற்கவைத்துக் கதைத்து அனுப்பக் கூடாது. சண்டை பிடிக்க வந்தவனைக்கூட உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். துரத்திவிட வேண்டிய ஆளுக்கும் முதலில் இருங்கோ என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா அந்த மரியாதையில் ஊறிப்போனவர். அதோடு இன்னொன்றும் இருந்தது. அக்காவுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆம்பிளைகள் வந்து படலையில் நிற்பதையும், தன் மகள் றோட்டோரம் நின்று அவர்களுக்குப் பதில் சொல்வதையும் ஊர்க்கிணறு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குத் தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தினால் ஊருக்குத் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

ஒருநாள் படலை சரியாகக் கொழுவாமல் இருந்திருக்கிறது. ஜிம்மி அதைத் தள்ளித் திறந்துகொண்டு பாய்ந்து, சேற்றுக் கால் இரண்டையும் இளையவனின் வெள்ளைச் சேட்டில் அழுத்தி வைத்தது. வைத்த கையோடு அவன் கன்னத்தையும் நக்கியது. அவன் சப்பாத்துக் காலால் அதன் வயிற்றில் உதைத்தான். ஜிம்மி கத்திக்கொண்டு உருண்டுபோய் வேலியில் விழுந்தது. கிணற்றடியில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள், அதுதான் அவனுக்கு நாய் நக்கியதைவிடக் கூடச் சுட்டிருக்க வேண்டும். சேட்டைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். அங்கே பிஸ்டல் இருந்தது.

"அடுத்த முறை பாஞ்சா, நாய் சுடுறது," என்றான் அரைகுறைத் தமிழில், அம்மாவைப் பார்த்து.

அன்று பின்னேரம் ஜிம்மியைச் சங்கிலியில் கட்டினோம். கட்டிய நாய் எப்படிக் கத்தும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அது ஊளையிடவில்லை, அழுதது. சங்கிலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண் பிதுங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அம்மாவே அவிழ்த்துவிட்டார். மாமா வந்தார். நாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இதை நான் கொண்டுபோய் எங்கையாவது விட்டுட்டு வாறன் அக்கா," என்றார் அம்மாவிடம்.

நான் ஜிம்மியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளவு அதிரக் கத்தினேன். ஆளைக் கண்டால் பாயாமல் இருக்க நானே அதைப் பழக்குவேன் என்று அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டேன். எப்படிப் பழக்குவது என்று எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை நாய்க்குப் படிப்பிக்கப் போகுதாம் என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பழக்கு பார்ப்போம் என்றார்.

இரண்டு மூன்று நாள் ஜிம்மியின் பின்னாலேயே திரிந்து பார்த்தேன். அது எல்லோர் மீதும் பாய்ந்தது, ஒரே ஒருவரைத் தவிர. பக்கத்து வளவில் ஐஸ் லொறி ஓட்டும் ஒருவர் இருந்தார். இரவெல்லாம் ஓடிவிட்டு விடியத் தூக்கக் கலக்கத்தில் வருவார். குறுக்குவழியென்று எங்கள் வளவுக்குள்ளால்தான் நடந்து போவார். ஜிம்மி அவரிடம் ஓடும், சுற்றிச் சுற்றி வரும், அவர் அதைப் பார்க்கவே மாட்டார். திட்ட மாட்டார், தள்ள மாட்டார். வேலிக் கதியாலைக் கடப்பதுபோல் கடந்து போய்விடுவார். ஜிம்மியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்து படுத்துவிடும். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சீ சீ என்று கையை வீசினார்கள், பிடித்துத் தள்ளினார்கள், பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஜிம்மிக்கு அது எல்லாமே விளையாட்டு. கத்தக் கத்த அதற்கு உற்சாகம் கூடியது.

ஆகவே சட்டம் போட்டேன். வளவுக்குள் வருகிற யாரும் ஜிம்மியைப் பார்க்கக் கூடாது, கதைக்கக் கூடாது, தொடக் கூடாது. பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அது நாலு காலையும் நிலத்தில் வைத்துக் குந்தி இருந்த பிறகு நான் ஒரு நெத்தலிக் கருவாடு கொடுப்பேன். கருவாட்டுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை, வாடியில் உடைந்ததையெல்லாம் அம்மாவிடம் கொடுத்து விடுவார்கள்.

ஊர்ச்சனத்திடம் எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம், ஒன்றும் செய்யாமல் நிற்கச் சொல்லக் கூடாது. முதுகைக் காட்டி நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் சிரித்தார்கள். சிரித்ததும் நாய் பாய்ந்தது. கோயில் பாதர் ஒருநாள் வீடு பார்க்க வந்தார். வெள்ளை அங்கியில் கால் வைக்க ஜிம்மி ஓடியது. பாதர், திரும்பி நில்லுங்கோ என்று நான் கத்திய கத்தில் அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்த பெடியனைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றார். அம்மாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்திருக்கும். ஆனால் பாதர் அசையாமல் நின்றார், அங்கியும் அழுக்காகவில்லை. ஜிம்மி முதன்முதலில் ஒரு ஆளுக்கு முன்னால் பின்னங்காலை மடித்து இருந்தது பாதருக்கு முன்னால்தான்.

அதற்குப் பிறகு வேலை சுறுக்காக நடந்தது. ஊர்ச்சனத்துக்குப் பாயாமல் இருந்தால் மட்டும் போதாது, சேர்மாருக்குப் பாயாமல் இருக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. சிநேகிதன் ஒருவனின் மோட்டார் சைக்கிளையும் சப்பாத்தையும் இரவல் வாங்கினார். வெள்ளைச் சேட்டு போட்டார். எங்கிருந்தோ சென்டும் பூசிக்கொண்டு வந்தார். படலையில் வந்து சைக்கிளை நிறுத்தி, சப்பாத்துச் சத்தம் கேட்க உள்ளே நடந்து வருவார். ஜிம்மி முதலில் ஏமாந்தது. பிறகு மோட்டார் சைக்கிள், சப்பாத்து, சென்ட் மூன்றும் சேர்ந்து வந்தால் நெத்தலி வரப்போகிறது என்று கண்டுபிடித்தது. சத்தம் கேட்டதுமே வீட்டு முன் விறாந்தைக்கு ஓடிப்போய் இருந்துவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கியது.

மாமாவுக்கு நடிப்பு நன்றாக வரும். பின்னேரங்களில் பக்கத்து வீட்டுச் சனம் இதைப் பார்க்கவென்றே வேலியில் வந்து நின்றார்கள். ஒருநாள் மாமா கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு, அந்த இளையவனின் அரைகுறைத் தமிழிலேயே, "பிள்ளை எங்க? கூப்பிடு. கதைக்க இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முதல் கேட்டதில்லை. தைத்துக்கொண்டிருந்த அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமாவின் முகம் கறுத்துப்போய்விட்டது. பகிடிக்குத்தானே செய்தேன் என்று கதவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அக்கா மீது கோபம் வந்தது. ஊரே சேர்ந்து ஜிம்மியின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் பழக்குவதும் அது மறப்பதுமாகச் சில நாள்கள் போயின. மாலையில் பின்னங்காலை மடித்து இருந்த நாய் அடுத்த நாள் மத்தியானம் பாயும். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டு வந்தபோது படலையில் நின்று பார்த்தேன். முற்றத்தில் அக்கா நின்றாள். கையைத் தட்டி, தன் நெஞ்சில் அடித்துக் காட்டி, வா வா என்று கூப்பிட்டாள். ஜிம்மி ஓடிவந்து அவள் நெஞ்சில் ஏறியது. அவள் அதன் இரண்டு முன்னங்கால்களையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பல் தெரிய, சத்தமாகச் சிரித்தாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அம்மா வேலையால் வந்ததும் அக்கா செய்ததைச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா மீன் வெடுக்கு நாறும் கையைக் கழுவாமலே அக்காவைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பு உனக்கில்லை. நாளைக்கு அவங்கள் நாயைச் சுட்டுப்போட்டுப் போனா நீயே கிடங்கு வெட்டித் தாப்பாய்?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "அது பாயிறதாலதான் அம்மா அவங்கள் படலையோட நிக்கிறாங்கள்."

"படலையிலை நிக்கிறதுதான் எனக்கு வெக்கக்கேடாக் கிடக்கு. ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. உள்ளுக்கு வந்தா ஒரு தேத்தண்ணியைக் குடுத்து மரியாதையா அனுப்பலாம்தானே. மரியாதை குடுத்தா அவங்களும் தருவாங்கள்."

அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இனி என்ன சொல்வது என்று தெரியாத ஒருத்தியின் பார்வை அது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் அவள் வாயடைத்துப் போனதாக நினைத்தேன். வழக்கில் நான்தான் வென்றேன். அதற்குப் பிறகு அக்கா ஜிம்மியைத் தொடவில்லை. அது பக்கத்தில் போனால் முதுகைக் காட்டிக்கொண்டு தையல் மெசினை மிதித்தாள். என் சட்டத்தை அவளைப்போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் ஊரில் வேறு யாருமில்லை.

அடுத்த முறை சேர்மார் வந்தபோது நான் விறாந்தையில் நெத்தலி சுற்றிய கடதாசிச் சரையோடு தயாராக இருந்தேன். மோட்டார் சைக்கிள் நின்றது. ஜிம்மி என்னிடம் ஓடிவந்து பின்னங்காலை மடித்து இருந்தது. இளையவன் படலையைத் திறந்து ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்தான். நாய் அசையவில்லை. மற்றக் காலையும் வைத்தான். முற்றத்தைக் கடந்து விறாந்தைக்கு வந்தான். வாலின் நுனி மட்டும் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வாங்கோ சேர், இருங்கோ சேர் என்று அம்மா கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். அலுமாரியில் பாதருக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தது.

நாயைப் பழக்கியது யார் என்று அவன் கேட்டான். அம்மா என் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவன் என் கன்னத்தைத் தட்டி, "நல்ல பிள்ளை," என்றான். அடுத்த முறை எனக்கு ஒரு விசுக்கோத்துப் பெட்டி கொண்டுவந்தான். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சிநேகிதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துப் பெருமையடித்தேன்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு நல்ல வசனம் ஒன்றும் வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒருக்கால் வந்தவர்கள் கிழமைக்கு ஒருக்கால் வந்தார்கள். கொஞ்ச நாளில் கொட்டாவி விடுகிற வயதானவர் வராமல் விட்டார், இளையவன் தனியே வந்தான். அம்மா வாடிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தான். அக்கா தையல் மெசினைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து தைத்துப் பார்த்தாள். விசாரணை வீட்டில்தான், வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுடைய போனுக்கு எடுத்துச் சொன்னான். தடுப்பிலிருந்து வந்தவள் அதற்கு மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மோட்டார் சைக்கிள் படலையில் நிற்காமல் வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் நின்றது. கிணற்றடியில் நின்றவர்களுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை, அம்மா விரும்பியபடியே. சைக்கிள் உள்ளே போவதையும் நெடுநேரம் கழித்து வெளியே வருவதையும் மட்டும்தான் பார்த்தார்கள். மிச்சத்தை அவர்களே கதைத்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டிருந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நின்றுபோயின.

ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தேன். விறாந்தையில் மினுங்கும் சப்பாத்து இரண்டும் சோடியாகக் கழற்றி வைத்திருந்தன. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜிம்மி சப்பாத்துக்குப் பக்கத்தில் நாடியை நிலத்தில் வைத்துப் படுத்திருந்தது. என்னைக் கண்டும் எழும்பவில்லை, குரைக்கவில்லை. சொல்லிக்கொடுக்க நான் பக்கத்தில் இல்லாமலே இவ்வளவு நேரமும் அமைதியாக இருந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குசினிப் பக்கம் போய் ஒரு கை நிறைய நெத்தலி அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டேன். நெடுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். சப்பாத்தைப் போட்டான். குனிந்து நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

உள்ளே என்ன நடந்தது என்று அக்கா எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவிடம் அன்று மாலை ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா அலுமாரியைத் திறந்து அந்தப் பூப்போட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற கல்லடிக்குப் போனார். தூள் தூளாக உடைத்தார். உடைந்த கோப்பையில்கூட எண்ணெய் ஊற்றி வைக்கிற மனிசி அவர். ஏனம்மா உடைக்கிறீங்கள் என்று கேட்டதற்கு எனக்கு ஒரு அறை விழுந்தது. பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா அழுதார். எனக்கு அடித்ததற்காக அழுகிறார் என்று நினைத்து நான் அவரை மன்னித்தேன்.

இதை நான் பாவசங்கீர்த்தனமாக எழுதவில்லை. பத்து வயதுப் பிள்ளை நாய் சுடுபடாமல் இருக்கப் பாடுபட்டது பாவமென்றால் அந்தப் பாவத்தை நான் திரும்பவும் செய்வேன். அம்மாவையும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை, மரியாதையைத் தவிர அவரிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்தவன் இன்றைக்கு எங்கேயோ பதவி உயர்ந்து, பிள்ளைகுட்டியோடு நல்லாய்த்தான் இருப்பான். அவனை நினைக்கும்போது எனக்கு வருவது கவலையில்லை, வயிற்றெரிச்சல். அது ஆறப்போவதுமில்லை, ஆற வேண்டுமென்று நான் விரும்பவுமில்லை.

மாமா அந்த மாதத்துக்குள்ளேயே ஓமந்தைப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார். தாரமிழந்தவர், வயல் செய்கிறவர், அக்காவைவிட வயதில் நன்றாக மூத்தவர். நல்ல மனிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது அதை விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கோயிலில் தாலி கட்டி, எங்கள் முற்றத்தில் தறப்பாள் இழுத்துச் சாப்பாடு போட்டார்கள். ஊர்ச்சனம் வந்தது. ஓமந்தையிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக அத்தனை பேர் வளவுக்குள் திரிய, ஜிம்மி விறாந்தை ஓரத்தில் பின்னங்காலை மடித்து இருந்தது. ஒருவர் மேலும் பாயவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி இப்படியும் ஒரு நாயா என்று ஆச்சரியப்பட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன், யார் பழக்கியது என்று அவள் கேட்க வேண்டும் என்பதற்காக.

பின்னேரம் வான் வெளிக்கிடும் நேரம் அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. அம்மா கட்டிப்பிடித்தபோதுகூட மரம்போல நின்றாள். வானில் ஏறக் கால் வைத்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பி முற்றத்துக்கு வந்தாள். சரிகைச் சேலையோடு ஜிம்மிக்கு முன்னால் நின்று கையைத் தட்டினாள். தன் நெஞ்சில் அடித்துக் காட்டினாள்.

"வா ஜிம்மி. வாடா. பாய்."

ஜிம்மியின் உடம்பு முழுக்க நடுங்கியது. வால் அடித்துக்கொண்டது. எழும்பப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, திரும்பவும் இருந்துவிட்டது. அக்கா இன்னொருக்கால் தட்டினாள். அது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களே அக்கா, நீங்கள் கூப்பிட்டாலும் வராது," என்றேன்.

அக்கா கலியாணச் சேலையோடு அப்படியே மண்ணில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கு முதலும் பிறகும் ஒருவர் அப்படி அழுது நான் கேட்டதில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் அழுவது வழமைதானே என்று பெண்கள் சொல்லி, ஆளுக்கொரு கையாகத் தூக்கி வானில் ஏற்றினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தனை சனத்துக்குள்ளும் ஜிம்மி ஒருவர் மேலும் பாயாமல் இருந்ததுதான் அக்காவின் கலியாணத்துக்கு நான் கொடுத்த பரிசு என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன்.